சாமை மூட்டையில் வந்த கண்மலர்

இதை எழுத எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த நாள்கள் பல. பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். வேதாரண்யத்துக்குத் தெற்கே ஓர் உப்பளக் கிராமத்தில் முப்பது வருஷமாக உப்பு வாருகிற வேலை. எழுத வராது, அதனால் தள்ளிப்போட்டேன் என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பயந்துகொண்டுதான் எழுதவில்லை. இப்போது கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மலைக்குப் போன கதையைச் சொல்வதற்கு முன்னால் புயலைச் சொல்ல வேண்டும். அந்தக் கார்த்திகையில் அடித்த புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். விடிந்தபோது தென்னை என்று ஒன்று நிற்கவில்லை. ஓட்டு வீடு, கூரை வீடு எல்லாம் ஒன்றாகிவிட்டது. தெரு முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தோம். நிவாரண லாரிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. ரோட்டோரத்து ஊர்க்காரர்கள் மறித்து இறக்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்த எங்களுக்கு வந்தது கொஞ்சம்தான். அதற்கும் அடிதடி. ஒரு ரொட்டிப் பாக்கெட்டுக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். நடேசன் என்று எங்கள் தெருக்காரர், நாற்பது தென்னையைப் பறிகொடுத்தவர், மாரியம்மன் கோயில் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கிற மனசு எங்களில் யாருக்கும் இல்லை.

ஆறாம் நாள் ஒரு சாமை அரிசி மூட்டை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கஞ்சி வைப்பதற்காக என் மனைவி செண்பகம் அதை முறத்தில் போட்டுப் புடைத்தாள். அப்போது முறத்தில் இரண்டு வெள்ளிக் கண்கள் வந்து விழுந்தன. கண்மலர். கண் நோய் தீர வேண்டி அம்மனுக்குச் சாத்துவார்களே, அதுதான்.

அம்மா வந்துட்டா என்று கத்தியவன் நான்தான். பள்ளிக்கூடமே அடங்கிப்போயிற்று. மண்ணை வாரித் தூற்றிய நடேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அன்று மதியம் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். ஆறு நாளில் அதுதான் முதல் வரிசை.

மூட்டையில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது: பொன்னுசாமி, மேட்டுவளவு, திண்ணனூர் நாடு, கொல்லிமலை. செண்பகம் அதைப் படித்துவிட்டு என் காதோடு சொன்னாள். "இது யாரோ நேர்ந்துக்கிட்டதுங்க. பேர் இருக்கு. திருப்பி அனுப்பிடுவோம்."

நான் வரிசையைப் பார்த்தேன். அரிசியைக் கொட்டிவிட்டு, சாக்கை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து வைத்தேன். சாயங்காலம் தெருக்காரர் ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்த மூட்டை என்று கேட்டார். மூட்டையில் பேர் இல்லை என்றேன். அவர் அப்படியே எழுதி, பதினொரு பேருக்கு அனுப்புங்கள் என்றும் சேர்த்து, நாலு திசைக்கும் அனுப்பிவிட்டார்.

பிறகு பிழைத்து நின்ற ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டோம். கண்மலர் என் வீட்டு சாமி அலமாரியில் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போவேன். வெளியூரிலிருந்தும் வந்து கும்பிட்டார்கள். இப்படி ஏழு வருஷம்.

இந்தத் தையில் செண்பகத்துக்கு இடது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள். "அடுத்தவங்க கண்ண நம்ம வீட்ல வச்சுக்கிட்டு, என் கண்ணத் திறந்து விடுன்னு எந்த சாமிகிட்டங்க நான் கேக்குறது? கொண்டு போய்க் குடுத்துட்டுத்தான் படுப்பேன்."

ஊரில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினோம்.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு வேதாரண்யத்தில் பஸ் ஏறினோம். ஒரு பையில் மாற்றுத்துணி. ஒரு பையில் எங்கள் உப்பளத்துக் கல்லுப்பு ஐந்து கிலோ. வெறுங்கையோடு போகக் கூடாது என்று செண்பகம் கட்டியது. கண்மலரை மஞ்சள் துணியில் சுற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மடித்து வைத்திருந்த அந்தச் சாக்கு என் கையில். திருத்துறைப்பூண்டி, தஞ்சாவூர், திருச்சி என்று மூன்று பஸ் மாறினோம். திருச்சியிலிருந்து நாமக்கல் எண்பத்தைந்து கிலோமீட்டர். முசிறி வரை காவிரி கூடவே வந்தது. சாயங்காலம் நாலரைக்கு நாமக்கல். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அறுநூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்துக்கொண்டு ஆஞ்சநேயரைப் பார்க்கப் போனோம்.

நாமக்கல் ஆஞ்சநேயருக்கு மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் பட்டுக்கொண்டு கைகூப்பி நிற்கிறார். புயலுக்கு மறுநாள் நாங்களும் அப்படித்தான் நின்றோம், ஆனால் கைகூப்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. செண்பகத்திடம் சொன்னேன். அவருக்கு ரொட்டிச் சண்டை இல்லை, கூப்பலாம் என்றாள்.

புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு டவுன் பஸ். சேந்தமங்கலம் தாண்டி காளப்பநாயக்கன்பட்டி வரை இருபது கிலோமீட்டர் போல இருக்கும். எனக்குப் பதினாறு ரூபாய், செண்பகத்துக்குக் கட்டணமில்லாத டிக்கெட். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்குத்தான் மரியாதை என்று டிக்கெட்டைக் காட்டிச் சிரித்தாள். கண்மலரைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நான் சாக்கை இன்னும் சின்னதாக மடித்து வைத்துக்கொண்டேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ பன்னிரண்டு ரூபாய். ஏழரை மணிக்கு மலை பஸ் வந்தது. சோளக்காட்டுக்கு ஆளுக்கு நாற்பத்தைந்து. எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயி உட்கார்ந்தார். அடிவாரத்தில் மரவள்ளி போட்டிருக்கிறாராம், மேலே வாழைக்கன்று பார்க்கப் போகிறார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

புயலுக்கு அவர் ஊரிலிருந்து இரண்டு லோடு அனுப்பினார்களாம். வீட்டுக்கு வீடு அரிசி, போர்வை, பிள்ளைகளுக்குப் பால்பவுடர். வழியில் மறித்து இறக்கிவிட்டார்கள் என்று டிரைவர் வந்து சொல்லியிருக்கிறார். டிவியிலும் காட்டினார்களாம். இனிமேல் எவனுக்கும் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே பாதி ஊர் சொல்லிவிட்டதாம்.

"நீங்களும் அப்படித்தான் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"நானுங்களா? மறிச்சவனுக்கும் பசிதானுங்களே. பசிக்காம எவனாச்சும் லாரி முன்னால வந்து படுப்பானுங்களா?"

அவர் நெஞ்சு பெரிய நெஞ்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியிருந்தது. கொண்டை ஊசி வளைவு மொத்தம் எழுபது. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை. கடல் மட்டத்திலேயே வாழ்ந்த எங்களுக்கு அது பழக்கமில்லாத வேதனை. இருபதாவது வளைவில் செண்பகம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். கீழே வயல்கள் பாய் விரித்த மாதிரி சின்னதாகிக்கொண்டே போயின.

முப்பதாவது வளைவு தாண்டியதும் அந்த விவசாயிக்கு ஏதோ நினைவு வந்தது. செல்போனை எடுத்துத் தேடி என்னிடம் நீட்டினார். அதே படம். என் வீட்டு முறம், அதில் இரண்டு வெள்ளிக் கண்கள். கீழே எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அம்மன் அலைமேல் மிதந்து வந்தாளாம். கண்கள் மூன்று தரம் இமைத்தனவாம். யாரும் சுமக்காமல் மூட்டை தானே பள்ளிக்கூடத்துக்குள் நடந்து வந்ததாம். இதை அனுப்பாமல் அழித்த ஒருவருக்குக் கை விழுந்துவிட்டதாம். இதில் எதுவும் நான் சொன்னது இல்லை. ஒரே ஒரு வரி மட்டும் என்னுடையது, மாறாமல் அப்படியே இருந்தது: மூட்டையில் பேர் இல்லை.

"நீங்க அந்தப் பக்கந்தானுங்களே, இது நெசங்களா?" என்றார் அவர்.

"கண்மலர் வந்தது நெசம்" என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மத்தத மேல போய்ச் சொல்லுவாரு" என்றாள் செண்பகம், எலுமிச்சம்பழத்தை எடுக்காமலே.

காலை ஒன்பதே கால். சோளக்காடு. பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டோரம் முழுக்கப் பலா, வாழைத்தார், அன்னாசி, மிளகு. பிப்ரவரி வெயிலிலும் காற்று சில்லென்று இருந்தது. மிளகு விற்கிற ஓர் அம்மாவிடம் சாக்கைக் காட்டி, மேட்டுவளவுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். எழுத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த படியைக் கீழே வைத்தார்.

"இது பொன்னுசாமி ஊட்டுச் சாக்காச்சுங்களே" என்றார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். கடலோரம் என்றதும் எங்கள் இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் பார்த்தார். "போங்க சாமி. போய்ப் பாருங்க. நான் ஒண்ணுஞ் சொல்லக்கூடாது."

அங்கிருந்து திண்ணனூர் நாட்டுக்கு ஜீப். ஆளுக்கு முப்பது ரூபாய். நாடு என்றால் அங்கே பல சிற்றூர்கள் சேர்ந்தது. ஒரு வளைவில் இறக்கிவிட்டு, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையைக் காட்டினார் டிரைவர். இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். செண்பகத்துக்கு இடது கண் மங்கல் என்பதால் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழியில் ஒரு ஓடை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீடு, அந்தப் பக்கம் கொஞ்சம் பெரியது.

இந்தப் பக்கத்து வீட்டு வாசலில் முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் மிளகைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். பொன்னுசாமி வீடு எது என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கைத்தான் பார்த்தாள்.

"இது எப்படீங்க உங்க கையில?"

எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம், முறம், நடேசன், வரிசை. அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. செண்பகம் மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அப்போது அவள் கால் நின்றது.

"மூட்டையில பேரு இல்லைன்னு சொன்னது நீங்கதானுங்களா?"

"நான்தாம்மா."

அவள் வீட்டுக்குள் போய் இரண்டு செம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நாங்கள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகுதான் பேசினாள். அவள் பெயர் பாப்பாத்தி. பொன்னுசாமியின் தம்பி மனைவி. அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

அப்போது அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்த வருஷம் மிளகு பறிக்க மரமேறிய பொன்னுசாமி தவறி விழுந்து வலது கண்ணில் குச்சி குத்திவிட்டது. அவர் மனைவி வெள்ளையம்மாள் ஊர் அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டு நாமக்கல்லில் வாங்கி வந்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு நேர்ந்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டக் கூடாது. நோன்பு என்று அவர்கள் சொல்கிற ஊர்த் திருவிழாவுக்குப் பொங்க வைத்திருக்கிற அரிசிக்குள்தான் புதைத்து வைக்க வேண்டும். அரிசியும் நேர்ந்ததும் ஒன்றாகச் சாமியிடம் போக வேண்டும்.

வெள்ளையம்மாள் புருஷனை அழைத்துக்கொண்டு அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் புயல் செய்தி வந்திருக்கிறது. ஊர் கூடி ஒரு முடிவு செய்தது. கடலோரத்தில் ஜனம் பட்டினி கிடக்கும்போது நமக்கு எதற்கு நோன்பு, நோன்பு அரிசியை அனுப்பிவிடுவோம் என்று. அம்மனுக்கு அந்த வருஷம் வெறும் தண்ணீரும் கற்பூரமும்தான்.

இதைக் கேட்டபோது என்னால் உட்கார முடியவில்லை. நாங்கள் கஞ்சியாகக் குடித்தது ஒரு சாமியின் நோன்புச் சோறு.

பாப்பாத்தி தனியாக இருந்தாள். அரிசி கொட்டி வைத்திருந்த குதிருக்குள் கைவிட்டுத் துழாவினாள். கண்மலர் தட்டுப்படவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்து, அரிசி முழுவதையும் வீட்டுச் சாக்கில் அள்ளிக் கட்டினாள். வெள்ளையம்மாள் திரும்பி வந்து குதிருக்குள் பார்த்தார். எங்கே என்றார். அரிசியோடு போயிருக்கும் அக்கா என்றாள் இவள். முதலில் அவரும் பாதி நம்பினார்.

இரண்டு மாதம் கழித்து யாருடைய செல்போனிலோ அந்தப் படம் வந்தது. பாப்பாத்தி அந்தப் போனை வாங்கிக்கொண்டு ஓடினாள். அக்கா, இதோ பாரு, நம்ம கண்மலர், கடலோரத்துக்குப் போயிருக்குது என்று. வெள்ளையம்மாள் யாரையோ விட்டு முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நம்ம ஊட்டுச் சாக்கு எல்லாத்துலயும் உங்க மாமன் பேரெழுதி வச்சிருக்காரு. பேரில்லாத சாக்கு நம்முளுது இல்ல. எவ ஊட்டுக் கண்மலரையோ காட்டி, வித்ததை மறைக்கறயா?" இப்படித்தான் கேட்டாராம். பாப்பாத்தி அதை எங்களிடம் சொன்னபோது அக்காவின் குரலிலேயே சொன்னாள்.

பொன்னுசாமிக்கு வலது கண் பார்வை திரும்பவில்லை. நேர்ந்தது சாமிக்குப் போகாததால்தான் என்று ஆயிற்று. வீடு இரண்டானது. இவள் ஓடைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். புருஷன் கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். ஏழு நோன்புக்கும் இவள் கோயில் எல்லைக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டிருக்கிறாள். சாமி சொத்தைத் திருடியவள் பொங்கல் பானையைத் தொடக் கூடாது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று ஒரு வருஷம் போய் நின்றாளாம். தடுத்தது வெள்ளையம்மாள்தானாம்.

"பொய்ச் சத்தியம் பண்ணினா அவ பிள்ளைக்கு ஆகாது, உடுங்கன்னு சொல்லிப்போட்டாங்க. நல்லதுக்குத்தானுங்க சொன்னாங்க" என்றாள். அந்த இடத்தில்தான் அவளுக்குக் குரல் உடைந்தது.

நான் ஏழு வருஷமாகச் சாமிக்குப் பயந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் என் வார்த்தையைச் சுமந்துகொண்டு நிற்பாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. செண்பகம் என்னைப் பார்க்கவில்லை. பாப்பாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமன் வீட்டுக்குப் போய் நீயே கொடுத்துவிடம்மா என்றேன். உண்மையைச் சொல்வதானால், அப்படியே தப்பித்துப் போய்விடலாம் என்ற எண்ணம் எனக்குள் அப்போதும் இருந்தது.

"நான் சொன்னா மறுக்கா கதைம்பாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

மணி பதினொன்றே முக்கால். ஓடையைத் தாண்டினோம். முட்டளவு தண்ணீர், எலும்பு வரை குளிர்ந்தது. பாப்பாத்தி வாசல் வரப்பு வரை வந்து, அதைத் தாண்டாமல் வெயிலில் நின்றுகொண்டாள்.

பொன்னுசாமி வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது கண் வெள்ளையாக இருந்தது. வெள்ளையம்மாள் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வாங்க என்றார், யாரென்று தெரியாமலே. நான் சாக்கை விரித்துப் பொன்னுசாமியின் முன்னால் போட்டேன். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து இடது கண்ணால் பார்த்தார். விரலால் எழுத்தைத் தடவினார்.

"எங்கையெழுத்து" என்றார்.

அதன்பிறகு நின்றபடியே சொன்னேன். எதையும் விடவில்லை. சாக்கைத் திருப்பி மடித்தது வரை சொன்னேன். செண்பகம் மஞ்சள் துணியைத் தரையில் வைக்காமல் இரு கையிலும் ஏந்தி நின்றாள். பொன்னுசாமி கிழித்த நாரைக் கையிலேயே வைத்திருந்தார். வெள்ளையம்மாளின் கத்தி கிழங்கின் மேல் அப்படியே இருந்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெள்ளையம்மாள் கேட்டார். "அந்த அரிசியில எத்தன பேரு உண்டீங்க?"

"தெரு முழுக்க. ரெண்டு நாள் வந்துச்சும்மா."

"அது போதுமுங்க" என்றார். பிறகு, "உங்கள ஒண்ணுஞ் சொல்லலீங்க. பசியில மனுசன் என்னதான் பண்ணுவான். ஆனா ஏழு வருசமா இவள நான் பேசுன பேச்சு இருக்குதுங்களே, அத எந்த லாரியில ஏத்தித் திருப்பிக் கொண்டாரது?"

நான் பாப்பாத்தி நின்ற பக்கம் திரும்பினேன்.

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. வாசற்படிக்கு வந்து வரப்பைப் பார்த்தார். பாப்பாத்தி தலைகுனிந்து நின்றாள்.

"பொங்கப் பானை பரண் மேல இருக்குது. எனக்கு எட்டாது. வந்து எடு."

பாப்பாத்தி அசையவில்லை. தனக்குத்தான் சொன்னாரா என்று அவளுக்குச் சந்தேகம்.

"உன்னத்தான் புள்ள. கால் வேர் புடிச்சிருச்சா?"

அவள் வரப்பைத் தாண்டி உள்ளே போனாள். பொன்னுசாமி நாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்தது பார்வை இல்லாத கண்ணையா, இருக்கிற கண்ணையா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சரியாகப் பார்க்கிற நிலையில் இல்லை.

மதியம் ஒன்றரைக்கு ஊர் அம்மன் முன்னால் பொங்கல் வைத்தோம். கோயில் என்றால் கோபுரம் இல்லை. பலாமரத்தடியில் இடுப்பளவு கல். முகம் செதுக்காத வெறும் கல். பக்கத்து வீட்டார் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். சாக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. எழுத்தைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் பாப்பாத்தியைப் பார்த்தார்கள். ஒருவர், நான் அன்னைக்கே சொன்னேன் இவ எடுக்க மாட்டாள்னு என்றார். உடனே இன்னொருவர், நீ சொன்னது எனக்குத் தெரியாதா, சும்மா இரு என்று அடக்கினார். பாப்பாத்தி பானைக்கு அடியில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

சாமைப் பொங்கலுக்கு எங்கள் கல்லுப்பைப் போட்டார்கள். பானை கிழக்கே பொங்கியது.

கண்மலரை யார் சாத்துவது என்று வந்தபோது எல்லோரும் வெள்ளையம்மாளைப் பார்த்தார்கள். அவர் வேண்டுதல் அது. அவர் துணியைப் பிரித்து, சந்தனத்தைக் குழைத்து, கண்மலரோடு பாப்பாத்தியின் உள்ளங்கையில் வைத்தார். பாப்பாத்தி இரண்டு கண்ணையும் கல்லில் ஒட்டவைத்துவிட்டு விலகினாள். அதுவரை வெறும் கல்லாக இருந்தது எங்களைப் பார்த்தது. செண்பகம் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். என் வீட்டு அலமாரியில் இருந்தபோது அந்தக் கண்கள் ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். செண்பகத்தின் கண் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டுவிட்டு, வெள்ளையம்மாள் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். "பயப்படாம படுங்க கண்ணு. எங்காத்தாவுக்கு இன்னைக்குத்தான் கண்ணு வந்திருக்குது, பார்த்துக்குவா." ஒரு பொட்டலம் மிளகும் கொடுத்தார்.

பொன்னுசாமி வழியனுப்ப ஓடை வரை வந்தார். "கண்மலர இங்க உட்டுட்டுப் போறீங்க. வெள்ளிக்கிழமை அங்க என்ன வச்சுக் கும்புடுவீங்க?" என்று கேட்டார். வெறும் தாம்பாளம்தான் என்றேன். அவர் திரும்பி வீட்டுக்குப் போனார். அந்தச் சாக்கில் இரண்டு படி சாமை போட்டுக் கட்டிக்கொண்டு வந்து என் தோளில் வைத்தார். "இத வச்சுக் கும்புடுங்க. பேரு வெளிய தெரியற மாதிரி வையுங்க."

நாலே முக்காலுக்குச் சோளக்காட்டில் பஸ். இறங்கும்போது வளைவுகளின் எண்ணிக்கை எழுபதிலிருந்து ஒன்றுக்குக் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் ஊரில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையாக உப்பும் கடலும்தான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மலையில் அப்படி இல்லை. ஒரு வளைவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரியாது. தட்டையான ஊரில் பிறந்த நான், சொன்ன சொல் எங்கே போய் யார்மேல் விழுந்தது என்று தெரியாமலேயே ஏழு வருஷம் இருந்துவிட்டேன்.

நாளை வெள்ளிக்கிழமை. வேப்பமரத்தடியில் கண்மலர் இல்லாத தாம்பாளத்தைத்தான் எடுத்துப் போகப் போகிறேன். பக்கத்தில் அந்தச் சாக்கு இருக்கும். நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்வேன். நடேசன் என்ன சொல்வார் என்று தெரியாது. அம்மனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாயே என்று அடிக்கவும் செய்யலாம். ஆனால் அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அம்மன் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தன் நோன்புச் சோற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தவள்தான் வந்தாள். அவளுக்கு அலைமேல் மிதக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய படம் உங்கள் போனிலும் வந்திருக்கலாம். யாருக்கு அது போயிற்றோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள். அனுப்பினால் நல்லது நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அனுப்பாவிட்டால் யாருக்கும் கை விழாது. எத்தனை பேருக்கு என்ற கணக்கும் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு என் பொய்யை எடுத்துவிட வேண்டாம். பாப்பாத்தி தொடாத பானையையும், அவள் தொட்ட பானையையும் அப்படியே சொல்லுங்கள். வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டால் இந்த ஒரு வரியையாவது மாற்றாமல் சொல்லுங்கள்.

மூட்டையில் பேர் இருந்தது.